குடியேற்றச் சட்ட நடவடிக்கைகளும் கணக்குக் காட்டும் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

குடியேற்றச் சட்டங்களை அரசுகள் நடைமுறைப்படுத்தும் விதம் பற்றியும், அதில் இருக்கவேண்டிய வெளிப்படைத்தன்மை பற்றியும் உரையாற்றுமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளார்கள். கேட்ட மாத்திரத்தில் இது வழக்கறிஞர்களுக்கு உரிய பொருளாகத் தோன்றக்கூடும். நம் வீடுகளை எண்ணிப் பார்த்தால் அவ்வாறு தோன்றாது. வளைகுடா நாட்டில் ஒரு பிள்ளையோ மருமகனோ இல்லாத வீடு நம் மஹல்லாவில் குறைவு. புதுவை, காரைக்கால் பகுதிகளின் பழைய முஸ்லிம் குடும்பங்களில் பாட்டனார் சைகோனில் வணிகம் செய்தார். மகன் பாரிசில் குடியேறினார். பேரன் துபாயில் வேலை பார்க்கிறார். அதே வேளையில் நம் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குப் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி இளைஞர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுள் நம் மார்க்கத்தவர் ஜும்ஆவில் நம்மோடு ஸஃப்பில் நிற்கிறார்கள். போகின்றவர்களும் வருகின்றவர்களும் நிறைந்த ஊர் நம் ஊர். ‘நீ எந்த நாட்டவன்? தாளைக் காட்டு’ என்று கேட்கும் அதிகாரம் எப்படிச் செலுத்தப்படுகிறது என்பது நம் குடும்பத்துக் கவலையே ஆகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தன் எல்லைக்குள் யார் வரலாம், எவ்வளவு காலம் தங்கலாம் என்று வரையறுக்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் இந்திய அரசுக்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1955ஆம் ஆண்டிலேயே ஹான்ஸ் முல்லர் என்னும் ஜெர்மானியரின் வழக்கில் உறுதி செய்துவிட்டது. அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. அவ்வதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள், தாம் பிடித்த, அடைத்த, வெளியேற்றிய ஒவ்வொரு மனிதருக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள் என்பதே இவ்வுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் ஒரே செய்தி. அந்தக் கணக்கு எழுத்தில் இருக்கவேண்டும். காரணம் சொல்லப்பட்டிருக்கவேண்டும். பிடிபட்டவருக்குப் புரியும் மொழியில் அது அவர் கைக்குச் சேரவேண்டும்.

நம் மண்ணின் முன்னுதாரணம்

இவ்வளவு எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று எவரேனும் கூறினால், நம் புதுவையின் வரலாற்றை அவருக்கு எடுத்துக்காட்டலாம். 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28ஆம் நாள் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அதுவரை பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்தோரின் நிலை என்ன என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதற்கு அவ்வொப்பந்தமே விடை அளித்திருந்தது. இப்பகுதியில் பிறந்து இங்கேயே வசிப்போர் அந்நாள் முதல் இந்தியக் குடிமக்கள் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே நீடிக்க விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். விதி இவ்வளவே. ஓர் ஆட்சி போய் மற்றோர் ஆட்சி வந்த காலத்தில்கூட, யார் எந்த நாட்டவர் என்பது அறிவிக்கப்பட்ட தேதியாலும், அறிவிக்கப்பட்ட விதியாலும், அவரவர் கையெழுத்தாலும் தீர்மானிக்கப்பட்டது. இன்றும் புதுவையில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களும் இந்தியக் குடும்பங்களும் ஒரே தெருவில் உறவுமுறை கொண்டாடி வாழ்கின்றன. விதி தெளிவாக இருந்ததனால் விளைந்த நன்மை இது.

சட்டம் வைத்திருக்கும் அளவுகோல்

இனி, இன்றைய சட்டநிலையைச் சுருக்கமாகக் காண்போம். ஆங்கிலேயர் விட்டுச் சென்ற 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டமே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இத்துறையை ஆண்டுவந்தது. இரண்டாம் உலகப்போரின் நிழலில் பிறந்த சட்டம் அது. அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கடவுச்சீட்டு, பதிவு, விமான நிறுவனங்களின் பொறுப்பு ஆகியவை பற்றிய வேறு மூன்று சட்டங்களும் இதனுள் அடங்கிவிட்டன. உரிய கடவுச்சீட்டோ விசாவோ இன்றி நுழைவோருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் இதில் விதிக்கப்பட்டுள்ளன.

பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறாமல் வந்து சேர்ந்த ஒன்றைக் கவனிக்கவேண்டும். பொதுவாகக் குற்றம் சாட்டுபவரே அதனை மெய்ப்பிக்கவேண்டும் என்பது நீதி நெறி. இச்சட்டத்திலோ, ‘நான் வெளிநாட்டவன் அல்லன்’ என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு சந்தேகிக்கப்பட்டவர் தலைமேல் வைக்கப்பட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத, வெள்ளத்தில் வீடிழந்த, பெயர் ஒவ்வொரு தாளில் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டுள்ள ஏழைக்கு இது எத்துணைப் பெரிய சுமை என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முஹம்மது, முகமது, மொஹமத், முகம்மது என ஒரே பெயரை வாக்காளர் பட்டியல் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழ் ஒரு விதமாகவும், குடும்ப அட்டை ஒரு விதமாகவும் எழுதுகின்றன. அரபுப் பெயரைத் தமிழிலும், பின்னர் ஆங்கிலத்திலும், புதுவையில் பிரெஞ்சிலும் எழுதியவர்கள் வெவ்வேறு எழுத்தர்கள்.

சுமை இவ்வாறு இருப்பதால்தான் வெளிப்படைத்தன்மை மேலும் தேவைப்படுகிறது. நம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு உயிருக்கும் சுதந்திரத்துக்கும் தரும் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. எல்லா மனிதருக்கும் உரியது. அருணாசலப் பிரதேசத்தில் குடியேறியிருந்த சக்மா மக்களை வெளியேற்ற முயன்றபோது, தேசிய மனித உரிமை ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் இதனை ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது. அதற்கும் முன்னர், 1977ஆம் ஆண்டில் மேனகா காந்தி அவர்களின் கடவுச்சீட்டு ‘பொதுநலன் கருதி’ கைப்பற்றப்பட்டது. காரணம் என்னவென்று அவர் கேட்டார். அதைச் சொல்வதும் பொதுநலனுக்கு உகந்ததன்று என்று பதில் வந்தது. 1978 ஜனவரி 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒருவரின் உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்கவேண்டும் என்றும், பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்கவேண்டும் என்றும் நிலைநாட்டியது. கைது செய்யப்பட்டவருக்கு, குற்றம் எதுவாயினும், கைதுக்கான காரணங்கள் அவருக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் தரப்படவேண்டும் என்று 2025 நவம்பர் 6ஆம் நாள் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அளவுகோல் உயர்ந்ததாகவே இருக்கிறது. நடைமுறை அதற்கு எட்டுகிறதா என்பதே நாம் காணவேண்டியது.

விடுதலைக்குப் பின்னும் முகாம்

தொலைவில் தேடவேண்டாம். அண்டையில் உள்ள தமிழ்நாட்டையே பார்ப்போம். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களைத் தமிழ்நாடு அரவணைத்தது. பல்லாயிரம் பேர் இன்னமும் முகாம்களில் வாழ்கிறார்கள். 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டு இன்மைக்கான தண்டனையிலிருந்து 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தின் கீழ் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. இது வரவேற்கத்தக்கது.

ஆனால் அதே தமிழ்நாட்டில் 1990 முதல் ‘சிறப்பு முகாம்’ என்ற ஒன்றும் இருந்துவருகிறது. வேலூர்க் கோட்டையில் தொடங்கி, பூந்தமல்லி, செங்கல்பட்டு என இடம் மாறி, பின்னர் திருச்சி மத்திய சிறை வளாகத்தில் இயங்கி வந்துள்ளது. வெளிநாட்டவர் சட்டம் தந்த அதிகாரத்தின் கீழ், ஒருவர் குறிப்பிட்ட இடத்தில்தான் வசிக்கவேண்டும் என்று அரசு உத்தரவிடலாம். அந்த ‘இடம்’ மதில் சூழ்ந்த முகாமாகவும் இருக்கலாம். சிறைத்தண்டனைக்கு நீதிமன்றம் கால அளவு வைக்கிறது. இம்முகாமுக்குக் கால அளவு இல்லை. பிணை கிடைத்தவரும், தண்டனை முடித்தவரும் சிறை வாயிலிலிருந்து நேரே முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டிருக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் இது சிறையன்று என்பது அரசின் நிலை. உள்ளிருப்பவர்கள் உண்ணாவிரதம் இருந்து கேட்ட கேள்வி, ‘எங்களுக்கு எப்போது விடுதலை?’ என்பதாகவே இருந்திருக்கிறது.

அனைவரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் எஞ்சியிருந்தோரை 2022 நவம்பர் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அக்குற்றத்தின் கொடுமை பற்றி எவருக்கும் இருவேறு கருத்து இருக்க முடியாது. எனினும் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் விடுவித்த பின்னரும், அவர்களுள் இலங்கையராகிய நால்வர் திருச்சிச் சிறப்பு முகாமில் வைக்கப்பட்டனர். அவர்களுள் சாந்தன் என்பவர் தாயகம் திரும்ப அனுமதி பெற்றும் பயணப்பட இயலாமல், 2024 பிப்ரவரி 28ஆம் நாள் சென்னை அரசு மருத்துவமனையில் உயிர் நீத்தார். மற்ற மூவரும் 2024 ஏப்ரல் 3ஆம் நாள்தான் கொழும்பு செல்ல முடிந்தது. விடுதலைக்கும் பயணத்துக்கும் இடையில் கழிந்த அந்தப் பதினாறு மாதத்துக்கு யார் பொறுப்பு? இங்குள்ள அலுவலகமா, தில்லியில் உள்ள அமைச்சகமா, தூதரகமா? ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டக்கூடிய அமைப்பில், கேட்பாரற்றுப் போவது மனிதனின் நாட்கள்தாம்.

மற்றொரு நிகழ்வு நமக்கு நம்பிக்கை தருவது. 1992ஆம் ஆண்டில் இலங்கை அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியபோது, அவர்கள் விருப்பப்பட்டுத்தான் செல்கிறார்களா என்ற ஐயம் எழுந்தது. பழ. நெடுமாறன் அவர்கள் உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் சென்னையில் இருந்துகொண்டு, திரும்பிச் செல்வோரின் விருப்பத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு வந்தது. புறப்படுகிறவரிடம், அனுப்புகிற அதிகாரி அல்லாத மூன்றாமவர் ஒருவர் ‘உங்களுக்குச் சம்மதமா?’ என்று கேட்பது சிறிய ஏற்பாடுதான். வெளிப்படைத்தன்மை என்பதன் உட்பொருள் அதில் முழுமையாக இருக்கிறது.

காரணச் சீட்டு வராத கதை

அடுத்து அஸ்ஸாம். அங்குத் தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் 2019 ஆகஸ்ட் 31ஆம் நாள் வெளியானது. விண்ணப்பித்த 3 கோடியே 30 இலட்சம் பேரில் 19,06,657 பேர் விடுபட்டனர். விடுபட்டோர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம் என்பது விதி. முறையிட வேண்டுமானால், எக்காரணத்தால் விடுபட்டார் என்று காட்டும் நிராகரிப்புச் சீட்டு வேண்டும். ஐந்தாண்டுகள் கடந்த பின்னரும் அச்சீட்டு அவர்களுக்கு வந்து சேரவில்லை. இந்து, முஸ்லிம், பழங்குடி என எல்லாத் தரப்பினரும் அப்பத்தொன்பது இலட்சத்தில் அடங்குவர். காரணம் தெரியாமல் எவ்வாறு மறுமொழி கூறுவது? ஒரு துண்டுத் தாள் வராததனால் இலட்சக்கணக்கானோர் குடிமக்களாகவும் இன்றி, வெளிநாட்டவராகவும் இன்றி, ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நிற்க நேர்ந்தது.

அதே 2019இல், இந்திய இராணுவத்தில் முப்பதாண்டுக் காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியை அஸ்ஸாமின் தீர்ப்பாயம் ஒன்று வெளிநாட்டவர் என அறிவித்தது. அவர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அவர் மீதான விசாரணை அறிக்கையில் அவர் கூலித் தொழிலாளி என்று குறிக்கப்பட்டிருந்தது. அவரை நேரில் விசாரித்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் அவர் மணிப்பூரில் இராணுவப் பணியில் இருந்தார். சாட்சிகள் எனக் குறிக்கப்பட்டோர், தாங்கள் சாட்சி சொல்லவே இல்லை என்றனர். உயர் நீதிமன்றம் பிணை தந்ததனால் அவர் வெளியே வந்தார். அவருக்குச் சீருடையும் பதக்கமும் இருந்தன, செய்தித்தாள்கள் எழுதின. இவை எதுவும் இல்லாத கூலித் தொழிலாளியின் அறிக்கையை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

இக்கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 11ஆம் நாள் ஓரளவு விடை தந்தது. பெயர் எழுத்துக்களிலும் தேதிகளிலும் இருந்த வேறுபாடுகளைக் காட்டி வெளிநாட்டவர் என அறிவிக்கப்பட்ட ஒருவரின் வழக்கு அது. கையில் ஆதாரம் எதுவும் இன்றி, ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி ‘நீ வெளிநாட்டவன் என்று சந்தேகிக்கிறோம், மெய்ப்பித்துக்கொள்’ என்று கூற அதிகாரிகளுக்கு இயலாது. முதலில் அரசின் கையில் ஏதேனும் ஆதாரம் இருக்கவேண்டும். அவ்வாதாரம் சம்பந்தப்பட்டவருக்குக் கொடுக்கப்படவேண்டும் என்று நீதியரசர்கள் கூறினர். அவரை இந்தியர் என்றும் அறிவித்தனர். ஆனால் பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின் அந்த முடிவைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகியிருந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

2025ஆம் ஆண்டில் நிகழ்ந்தது நம் தொழிற்பேட்டைச் சகோதரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. வங்காள மொழி பேசும் தொழிலாளர்கள் பல மாநிலங்களில் பிடிக்கப்பட்டு விசாரிக்கப்பட்டனர். தில்லியில் வேலை செய்துவந்த, மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த இரு குடும்பத்தினர் ஆறு பேர் ஜூன் மாதத்தில் வங்கதேச எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவர் கர்ப்பிணி. சந்தேகத்துக்குரியவரின் சொந்த மாநிலத்திடம் கேட்டு முப்பது நாட்களுக்குள் சரிபார்க்கவேண்டும் என்று உள்துறை அமைச்சகமே மே 2ஆம் நாள் அறிவுறுத்தியிருந்தது. கொல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பர் 26ஆம் நாள், இவ்விதியைப் பின்பற்றாது அவசரம் காட்டியதைக் கண்டித்து, அவர்களை நான்கு வாரத்துக்குள் திருப்பி அழைத்துவர ஆணையிட்டது. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, டிசம்பர் 5ஆம் நாள்தான் அக்கர்ப்பிணியும் அவருடைய சிறு மகனும் தாய்மண்ணை மிதித்தனர். விதி இல்லாமல் இல்லை. விதியை மீறியவரைக் கேட்க வழி இல்லாமையே குறை.

கடல் கடந்த நம் பிள்ளைகள்

அன்பர்களே! வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இவையெல்லாம் புதிய செய்திகள் அல்ல. சவூதியில் ‘ஹுரூப்’ என்றால் என்னவென்று இச்சபையில் பலருக்கும் தெரியும். ‘என் தொழிலாளி ஓடிவிட்டான்’ என்று கஃபீல் பதிவு செய்துவிட்டால் போதும். இகாமா இருந்தும் இல்லாதவன் ஆகிவிடுகிறான். சம்பள பாக்கியைக் கேட்டதற்காகவே ஹுரூப் போடப்பட்ட பிள்ளைகளின் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். பின்னர் ‘தர்ஹீல்’ என்னும் வெளியேற்ற முகாம், அரபியில் எழுதிய தாளில் கைரேகை, ஒரு கைப்பையோடு விமானம். 2013ஆம் ஆண்டில் ‘நிதாகத்’ விதிகளை ஒட்டிய பொதுமன்னிப்புக் காலத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் சவூதியிலிருந்து திரும்பினர். கால எல்லை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, தூதரகம் அவசரச் சான்று வழங்கியதனால் பெரும்பாலோர் தண்டனையின்றி வீடு வந்து சேர்ந்தார்கள். அறிவிப்பு உள்ள நடவடிக்கைக்கும் அறிவிப்பு இல்லாத நடவடிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை அனுபவத்தால் உணர்ந்தவர்கள் நாம்.

2025 பிப்ரவரி 5ஆம் நாள் அமெரிக்க இராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களை அமிர்தசரஸில் இறக்கிவிட்டது. கைகளிலும் கால்களிலும் விலங்கு பூட்டிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டு நாடே கொதித்தது. மறுநாள் வெளியுறவு அமைச்சர் மாநிலங்களவையில், 2009 முதல் ஆண்டுவாரியாக எத்தனை பேர் இவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டனர் என்ற எண்ணிக்கையை வாசித்தார். அந்த எண்ணிக்கை நமக்குக் கிடைத்தது நல்லது. அதே போன்று நம் நாடு வெளியேற்றுவோரின் எண்ணிக்கையையும் ஆண்டுவாரியாக, நாடுவாரியாகக் கேட்பது நியாயமே.

ஒரு நாட்டவரை மற்றொரு நாடு அடைத்தால், தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமை உண்டென்று உடனே அவருக்குச் சொல்லவேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம். குல்பூஷண் ஜாதவ் அவர்களின் வழக்கில் இவ்விதியைப் பாகிஸ்தான் மீறியது என்று இந்தியா பன்னாட்டு நீதிமன்றத்தில் வாதாடி, 2019 ஜூலை 17ஆம் நாள் வெற்றி கண்டது. பிற நாட்டிடம் நாம் கேட்டுப் பெற்ற நியாயத்தை, நம் நாட்டில் அடைபட்டிருக்கும் பிற நாட்டவருக்கும் அளிப்பதே நமக்குப் பெருமை.

எதைக் கேட்கவேண்டும்?

நம் ஜமாஅத்தில் ஒரு சந்தா ரூபாய்க்கும் இரசீது உண்டு. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு இவ்வாண்டறிக்கையிலேயே அச்சாகிறது. எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். செயலாளரும் பொருளாளரும் பதில் சொல்லியாக வேண்டும். இதனால் ஜமாஅத்தின் கண்ணியம் குறைந்ததில்லை. பொறுப்பு என்பது அமானிதம் என்று நாம் நம்புகிறோம். பணத்துக்கே இவ்வளவு கணக்கென்றால், மனிதரை அடைக்கும் அதிகாரத்துக்கு அதனினும் கூடுதலான கணக்கு வேண்டாமா?

ஆகவே பின்வருவனவற்றை நம் சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர், அதிகாரிகள் ஆகியோரிடம் மரியாதையோடு நாம் எடுத்துரைக்கவேண்டும். தடுத்து வைக்கும் உத்தரவும் வெளியேற்றும் உத்தரவும் காரணத்துடன் எழுத்தில் தரப்படவேண்டும். சம்பந்தப்பட்டவர் அறிந்த மொழியில் பெயர்ப்பும் இணைக்கப்படவேண்டும். எத்தனை பேர், எந்த முகாமில், எவ்வளவு காலமாக உள்ளனர் என்ற விவரம் குறிப்பிட்ட கால இடைவெளியில் வெளியிடப்படவேண்டும். முகாம்களை நீதித்துறை அதிகாரிகளும் மனித உரிமை ஆணையத்தினரும் பார்வையிடவேண்டும். வெளியேற்றத்துக்கு முன் முறையிட அவகாசம் இருக்கவேண்டும். தவறான அறிக்கை எழுதியவர் மீது நடவடிக்கையும், தவறாக அடைக்கப்பட்டவருக்கு இழப்பீடும் வேண்டும். இவற்றுள் எதுவும் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்யாது. நேர்மையான அதிகாரிக்கு இவை கவசமாகவும் அமையும்.

நாம் செய்யக்கூடியவை

அரசிடம் கேட்பதோடு நில்லாது, நம் கையால் ஆவனவற்றையும் செய்தல் வேண்டும்.

ஆவணங்களை ஒழுங்கு செய்வது முதற்பணி. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றில் பெயரும் தகப்பனார் பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்குமாறு திருத்திக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஆட்சிக்காலப் பதிவுகளை வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றை ஒளிநகல் எடுத்துப் பேணுங்கள். நம் நிக்காஹ் பதிவேடும் மையித்துப் பதிவேடும் பின்னாளில் சான்றாக நிற்கக்கூடியவை. அவற்றை எழுதும்போது முழுப்பெயர், ஊர், தேதி ஆகியவற்றை விடாமல் எழுதவேண்டும்.

வெளியூர்த் தொழிலாளர்களைப் பொறுத்த வரை ஒன்றை மனத்தில் இருத்துவோம். அஸ்ஸாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவர் இந்தியர். நாட்டின் எப்பகுதியிலும் வசிக்க அரசியல் சட்டம் அவருக்கு உரிமை தந்துள்ளது. மொழியைக் கேட்டு அவரை அந்நியராக எண்ணுவது நமக்கு அழகன்று. அவருக்கு வீடு தருவோர் அடையாளச் சான்றின் நகலைப் பெற்று வைத்துக்கொள்ளலாம். அசலை வாங்கி வைத்தல் கூடாது. கஃபீல் நம் பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தபோது நாம் பட்ட வேதனையை நாமே பிறருக்குச் செய்யலாமா? மெய்யாகவே வெளிநாட்டவருக்கு இடம் தருவோர், உரிய அலுவலகத்துக்குத் தகவல் தரவேண்டியது சட்டக் கடமை. அதனை மறைப்பதற்கு ஜமாஅத் ஒருபோதும் துணை நிற்காது.

எவரேனும் பிடிக்கப்பட்டதாகத் தகவல் வந்தால், கூட்டம் கூடிக் கூச்சலிடுவதால் பயனில்லை. நிர்வாகிகள் இருவர் வழக்கறிஞருடன் சென்று அமைதியாகச் சில கேள்விகளைக் கேட்டால் போதும். எந்தக் காவல் நிலையம்? பொறுப்பதிகாரி யார்? கைதுக் குறிப்பு எழுதப்பட்டதா? காரணம் எழுத்தில் தரப்பட்டதா? உறவினருக்குத் தெரிவிக்கப்பட்டதா? இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட்டாரா? மொழிபெயர்ப்பாளர் உண்டா? இவற்றின் விடைகளைத் தேதியும் நேரமும் இட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காவலில் உள்ளவர், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி உரிமை உடையவர். அதற்கான தொலைபேசி எண் 15100.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 மற்றொரு கருவி. பொதுவாகப் பதில் தர முப்பது நாள் அவகாசம். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவலானால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது பலர் அறியாத விதி. உளவுத்துறை போன்றவற்றுக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அவ்விலக்கு முழுமையாகப் பொருந்தாது; தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு நாற்பத்தைந்து நாளுக்குள் பெற வழி இருக்கிறது. பட்டதாரி இளைஞர்கள் இவ்விண்ணப்பங்களை எழுதப் பழகிக்கொள்ளவேண்டும்.

வெளிநாடு செல்லும் பிள்ளைகள் புறப்படும் முன், கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் ஒரு தொகுப்பு வைத்துச் செல்லட்டும். புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்திட வேண்டாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் துன்பத்துக்குள்ளான தொழிலாளர்க்கு உதவ இந்திய சமூக நல நிதி உண்டு என்பதை அறிந்து செல்லட்டும்.

இப்பணிகளுக்கென நம் பள்ளி அலுவலகத்தில் வாரம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, படித்த இளைஞர் இருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் அமர்த்த நிர்வாகக் குழு ஆவன செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உதவி நாடி வருபவர் எம்மதத்தவர், எம்மொழியினர், எவ்வூரினர் என்று பாராது உதவுதல் வேண்டும். இவ்வாண்டு முடிவில், எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேருக்கு என்ன உதவி செய்தோம், எதில் தவறினோம் என்ற விவரமும் அடுத்த ஆண்டறிக்கையில் இடம் பெறட்டும்.